தயிரை நிறுத்திய வள்ளிக்கு

கேள்வி: எனக்கு 38 வயது. உச்சிப்புளிப் பக்கம் கடற்கரைக் கிராமம். 14 வருஷமாக நாடகத்தில் ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்), பெரும்பாலும் வள்ளி வேஷம். பங்குனியிலிருந்து ஆடி வரை மாதத்தில் 15, 20 ராத்திரி மேடை இருக்கும். போன வருஷத்திலிருந்து தூங்கி எழுந்தால் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வருவதில்லை. தொண்டைக்குள் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கிறது, விழுங்கினாலும் போவதில்லை. மேலே போனால் பிசிறு தட்டுகிறது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்த எனக்கு ஆர்மோனியக்காரர் இப்போது ஐந்து வைத்து வாசிக்கிறார். சபையில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தயிர், மோர், வாழைப்பழம், மீன், ஐஸ் எல்லாம் நிறுத்திவிட்டேன். உடம்பு இளைத்ததுதான் மிச்சம். பனங்கற்கண்டும் மிளகும் எப்போதும் பையில் இருக்கிறது. பச்சை முட்டை குடித்தேன், வாந்தி வந்தது. மேடை ஏறுமுன் ஒரு மூடி பிராந்தி விட்டுக்கொண்டால் குரல் திறக்கும் என்கிறார் செட்டில் மூத்தவர் ஒருவர். எதைச் சாப்பிட்டால் குரல் திறக்கும், எதைச் சாப்பிட்டால் அடைக்கும் என்று ஒரு பட்டியல் தாருங்கள். நாடக நாளில் என்ன சாப்பிடுகிறேன் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வள்ளிக்கு,

பெயர் வேண்டாம் என்கிறீர்கள், அதனால் வேஷத்தின் பெயரிலேயே கூப்பிட்டுக்கொள்கிறேன். முன்பக்கத்தை ஒருமுறை படித்தேன். பின்பக்கத்தை நாலு முறை படித்தேன். "மத்தியானம் 2 மணி சோறு. 5 மணி வேன். 7 மணி டீ. 9:30க்குக் கமிட்டிச் சாப்பாடு, கிடா வெட்டு ஊரென்றால் கறிச்சோறு. 11 மணி மேக்கப், டீ. 1 மணி மேடை. 2:30 டீ. 3:30 டீ. 4:30 டீ. விடிந்து 5:30க்குக் கடையில் பரோட்டா சால்னா. வேனில் ஏறினதும் தூக்கம்."

இதில் டீ ஐந்து இடத்தில் வருகிறது. தண்ணீர் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. எழுத மறந்திருக்கலாம். ஆனால் 22 வருஷமாக இந்தக் கடலோரத்தில் தொண்டை பார்த்துக்கொண்டிருப்பவன் நான். நீங்கள் மறக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பட்டியல் விவகாரம். திறக்கிற சாப்பாடு, அடைக்கிற சாப்பாடு என்று இரண்டு பத்தியாகப் பிரித்துத் தர என்னால் ஆகாது. நீங்கள் விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லை. வாய்க்குப் பின்னால், தொண்டையின் அடியில், ஒரு பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். மூச்சுக்குழலின் வாசலில் இருப்பது குரல்வளை. கழுத்தின் முன்பக்கம் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், ஒன்று மேலே ஏறி இறங்கும், அதுதான். அதற்குள் இரண்டு குரல்நாண்கள். விழுங்குகிற நொடியில் குரல்வளை மேலே ஏறும், மூடி கவியும், நாண்கள் இரண்டும் இறுகச் சேர்ந்துகொள்ளும். சோறும் தேனும் பிராந்தியும் பின்வழியே போய்விடும். ஒரு சொட்டு முன்வழியில் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். புரையேறி, கண்ணில் நீர் முட்டி, தலையில் தட்ட ஆள் தேடுவோம். மிளகும் பனங்கற்கண்டும் குரல்நாணைப் போய்த் தடவிக்கொடுப்பது உண்மையானால், ஒவ்வொரு மென்றலுக்கும் நீங்கள் அரை மணி நேரம் இருமியிருக்க வேண்டும்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது சுற்றுவழியில் வருகிறது. உடம்பில் ஈரம் குறைந்தால் குரல்நாணின் மேலிருக்கும் வழுவழுப்பு குறையும். வயிற்றுக்குப் போனது திரும்பி மேலே வந்தால் குரல்வளை வெந்துபோகும். அநேகமாக உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது.

வழுவழுப்பு என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று உங்கள் கட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன். உங்கள் குரல்நாண் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். ஐந்தரைக் கட்டையில் ஆதார சட்ஜமம், அதாவது கீழ் 'ஸ', பிடித்தால் அவை நொடிக்கு ஏறக்குறைய 208 முறை மோதிக்கொள்கின்றன. மேல் சட்ஜமத்தில் 415 முறை. விருத்தத்தில் மேல் பஞ்சமத்தை, அதாவது அதற்கும் மேலே உள்ள 'ப'வைத் தொட்டு நிறுத்துவீர்களே, கைதட்டல் விழுமே, அங்கே 620ஐத் தாண்டிவிடும். மேடையில் நாரதரோடு தர்க்கம் இரண்டு மணி நேரம் போனால், அதில் பாதி நேரம்தான் உங்கள் குரல் ஒலித்தது என்று வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் மோதல் வந்துவிடும். அத்தனை மோதலையும் தாங்க நடுவில் இருப்பது ஒரு மெல்லிய ஈரப்பசை. அது வற்றினால் அதே சுரத்தைப் பிடிக்க நெஞ்சிலிருந்து கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். தள்ளத் தள்ள வீங்கும். வீங்க வீங்கப் பிசிறும். ஆர்மோனியக்காரர் அரைக்கட்டை இறக்கியது அவருடைய நல்ல மனசு. அவரிடம் சண்டை போடாதீர்கள்.

இப்போது நீங்கள் நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலும் தயிரும் சளியை உண்டாக்குவதில்லை. பாலின் கொழுப்பு எச்சிலோடு கலந்து வாயில் கொஞ்ச நேரம் கொழகொழவென்று நிற்கும், அதைத்தான் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். 1990இல் ஆஸ்திரேலியாவில் 60 பேருக்கு ஜலதோஷக் கிருமியைக் கொடுத்து, அவர்கள் மூக்கில் வடிந்ததை எடைபோட்டே பார்த்திருக்கிறார்கள் (எந்த உதவியாளர் தலையில் அந்த வேலை விழுந்ததோ!). பால் நிறையக் குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் சளியில் வித்தியாசம் இல்லை. மேடைக்கு முந்தின அரை மணியில் கெட்டித் தயிர் வேண்டாம், அந்தக் கொழகொழப்பால் தொண்டையைக் கனைக்கத் தோன்றும். மற்ற நேரத்தில் தாராளமாகச் சாப்பிடுங்கள். மோரையோ நீங்கள் நிறுத்தியே இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்லது உங்களுக்கு நான் எதை எழுதித் தர?

வாழைப்பழம் சாப்பிடலாம். மீனை நிறுத்தச் சொன்னவர் எந்த ஊர்க்காரரோ. கடலோரத்தில் இருந்துகொண்டு சூடையையும் நெத்திலியையும் விட்டால் புரதத்துக்கு எங்கே போவீர்கள்? விடிய விடியப் பாடுவது தசை செய்கிற வேலை, வயிற்றுத் தசையும் விலாத் தசையும் இளைத்தால் அந்தச் சுமையும் தொண்டை மேல்தான் விழும். குழம்பு மீன் நல்லது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்ததும் கருவாடும் மட்டும் நாடக ராத்திரியில் வேண்டாம். கருவாட்டு உப்பு நாக்கை வறட்டிப்போடும்.

ஐஸ் தண்ணீர் குரலைக் கெடுப்பதில்லை. சிலருக்குத் தொண்டை இறுகிய மாதிரி கொஞ்ச நேரம் தோன்றும், உங்களுக்கும் அப்படியென்றால் விட்டுவிடுங்கள். திருவிழா சர்பத்துக் கடையில் எனக்குள்ள பயம் வேறு. அது குடிக்கத் தயாரித்த ஐஸா, மீன் பெட்டியில் போடுகிற ஐஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை முட்டைக்கு உங்கள் வயிறே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேகாத முட்டையில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். வேக வைத்து இரண்டு சாப்பிடுங்கள்.

இனி எதுக்களிப்பு, அதாவது வயிற்றுக்குப் போனது திரும்பி மேலே வருவது. இதில்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும்.

பாடிப் பாடிக் கெடுகிற குரல் பாடி முடிக்கும்போது கெட்டிருக்கும், தூங்கி எழுந்தால் தேறியிருக்கும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. எழும்போது கட்டிக்கொண்டிருக்கிறது, போகப் போகத் தெளியும் என்று நினைக்கிறேன். அதோடு உருண்டை. அந்த உருண்டையைப் பற்றிச் சொல்லாத வாரம் என் கிளினிக்கில் கிடையாது. பாதிப் பேர் புற்றுநோய் என்று பயந்தே வருகிறார்கள். பெரும்பாலும் அங்கே உருண்டை ஒன்றும் இருக்காது. வயிற்று அமிலம் உணவுக்குழல் வழியாக ஏறி வந்து குரல்வளையின் பின்பக்கத்தை நனைத்துவிட்டுப் போகிறது. உணவுக்குழலுக்காவது கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டு, குரல்வளைக்குள் இருக்கும் தோலுக்கு அது கிடையாது. அமிலத்தோடு செரிமான நொதியும் வந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தோல் தடித்து வீங்குகிறது, மூளை அதை ஏதோ நிற்பதாக எடுத்துக்கொள்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது வரும் என்பதால் "எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர்" என்று சாதிப்பவர்கள் உண்டு.

வயிற்றுக்கு மேல்வாசலில் ஒரு சுருக்குத் தசை காவல் இருக்கிறது. நாடக ராத்திரியில் அந்தக் காவலுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். 9:30க்குக் கறிச்சோறு. கொழுப்புள்ள சாப்பாடு வயிற்றில் வெகுநேரம் தங்கும், சுருக்கையும் தளர்த்தும். அதன் மேல் பாவாடை நாடாவை இறுக்கி, ஒட்டியாணத்தை மாட்டி, வயிற்றைச் சுற்றிக் கட்டுப் போடுகிறீர்கள். பிறகு அடிவயிற்றிலிருந்து தள்ளி விருத்தம் பாடுகிறீர்கள். உறையில் தண்ணீரை நிரப்பி வாயை லேசாகப் பிடித்துக்கொண்டு நடுவில் அமுக்கினால் எந்தப் பக்கம் வரும்? இடையிடையே சர்க்கரை தூக்கலாகக் கடுங்காப்பி நிறத்தில் டீ வேறு. வயிறு மந்தமாக இருக்கிறதென்று யாராவது வாங்கிக் கொடுத்தால் சோடாவும் குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏப்பம் வந்தால் நிம்மதிதான், ஆனால் அந்த ஏப்பத்தோடு அமிலமும் மேலே வந்துபோகும்.

இத்தனையையும்கூட நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது அந்த 5:30 மணிப் பரோட்டா. பசி எனக்குப் புரிகிறது. விடிய விடிய நின்றவருக்குச் சூடான கல்லின் வாசனை எப்படி இருக்கும் என்று இரவுப் பணி பார்த்த எனக்கும் தெரியும். ஆனால் மைதாவும் எண்ணெயும் காரச் சால்னாவும் வயிறு நிறைய இருக்க, பத்து நிமிஷத்தில் வேன் சீட்டில் மடங்கிப் படுத்து, வீட்டுக்கு வந்து பாயில் தட்டையாக விழுந்து மத்தியானம் வரை தூங்கினால், அந்த ஆறு மணி நேரமும் குரல்வளை அமிலத்தில் ஊறுகிறது. சாப்பிட்டுப் படுப்பதற்கு நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும். உங்களால் அங்கே மூன்று மணி நேரம் விழித்திருக்க முடியாது, தூக்கம்தான் முதல் மருந்து. அதனால் விடியற்காலைச் சாப்பாட்டைச் சின்னதாக்குங்கள். இரண்டு இட்லி, காரச் சட்னி இல்லாமல். அல்லது ஒரு வாழைப்பழம். மத்தியானம் எழுந்து பரோட்டா தின்னுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வீட்டில் கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். இரண்டு தலையணை வைப்பது உதவாது, அது கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை இன்னும் அழுத்தும். பாயில் படுப்பவர் என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அந்தப் பக்கம் படுத்தால் வயிற்றின் வாசல் மேலேயும் அமிலம் கீழேயும் நிற்கும்.

காரம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு காரத்தை அடியோடு விடு என்று சொன்னால் என்னை யாரும் மதிக்க மாட்டார்கள். காரம் எல்லோருக்கும் எதுக்களிப்பைத் தருவதும் இல்லை. இரண்டு வாரம் காரமும் புளியும் குறைத்துப் பாருங்கள். உருண்டை இளகினால் உங்களுக்கு அது ஆகாது. இளகாவிட்டால் பழையபடி அரைத்துக்கொள்ளுங்கள். புதினாத் துவையலுக்கும் பெப்பர்மின்ட் மிட்டாய்க்கும் இதே சோதனை. புதினா வயிற்றுக்கு நல்லது என்று பேர், ஆனால் அந்தச் சுருக்குத் தசையை அதுவும் தளர்த்தும்.

இனி தண்ணீர். இதில் எனக்கு ஒரு பழைய வெட்கம் இருக்கிறது.

12 வருஷத்துக்கு முன்பு தொண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார், கரகாட்டக் குழுவில் பாடுகிறவர். குரல்நாண் வறண்டு சிவந்திருந்தது. "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிங்கம்மா" என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். சீட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒரு மாதம் கழித்து வந்தார், தொண்டை அப்படியே இருந்தது. குடித்தீர்களா என்று அதட்டலாகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், மூணு லிட்டர் குடிச்சுட்டு எங்க போறது? பந்தலுக்குப் பின்னாடி ஆம்பளைக போவாக. நாங்க விடிய விடிய அடக்கிக்கிட்டுத்தான் பாடுறோம். போன மாசம் நீர்க்கடுப்பு வந்து நாலு நாள் படுத்துட்டேன். அதுக்கும் நீங்கதான் மருந்து தருவீகளா?" என்றார்.

வெளியே போகும்போது இன்னொன்றும் சொன்னார். அவர் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் ஐந்து பேர். மூன்று லிட்டரை ஒருத்தி தொண்டைக்கு ஊற்றினால் உலைக்கு என்ன செய்வது? நான் அந்தச் சீட்டில் அடிக்கோடு போட்டிருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

உங்கள் கணக்கில் தண்ணீர் இல்லாததற்கும் காரணம் அதுதான் என்று ஊகிக்கிறேன். அதனால் இப்படிச் செய்யுங்கள். குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து குரல்நாண் வரை போய்ச் சேர நேரம் பிடிக்கும். மேடை ஏறும்போது மடக் மடக்கென்று குடிக்கிற சொம்புத் தண்ணீர் அன்றைய பாட்டுக்கு உதவாது. நாக்கை நனைக்கும், சிறுநீர்ப்பையை நிரப்பும், அவ்வளவே. ஈரத்தைப் பகலிலேயே சேர்த்துவிட வேண்டும். நீங்கள் எழுந்திருப்பது 12 மணி என்று வைத்துக்கொண்டால், அப்போதிலிருந்து ராத்திரி 8 மணிக்குள் இரண்டு லிட்டர் உள்ளே போய்விடட்டும். அத்தனையும் வெறும் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. நீராகாரம், நீர்மோர், கஞ்சி, ரசம், சீசனில் பதநீர், இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். டீகூடச் சேரும், டீ குடித்தால் உடம்பு வற்றிவிடும் என்று பயமுறுத்துகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரியில் ஐந்து என்பதை இரண்டாக்குங்கள், எதுக்களிப்புக்காக. 8 மணிக்கு மேல் வாய் நனைய ஒரு மிடறு, அவ்வளவு போதும். வேஷம் கட்டுமுன் ஒருமுறை போய்விட்டு வந்தால் விடியும்வரை தாக்குப்பிடிக்கும். சிறுநீர் வெளுப்பாகப் போனால் ஈரம் போதும், மஞ்சள் கடுத்திருந்தால் போதாது. இதைவிட மலிவான பரிசோதனை என்னிடம் இல்லை.

போகிற இடம்? தேதி கொடுக்கும்போதே ஏஜென்டிடம் சொல்லுங்கள், மேடைக்குப் பக்கத்து வீடு ஒன்றில் பெண் நடிகைகளுக்குக் கழிப்பறை ஏற்பாடு வேண்டும் என்று. பொன்னாடைக்கும் சீரியல் செட்டுக்கும் செலவழிக்கிற கமிட்டி இதற்கு மறுப்புச் சொன்னால் அவர்களுக்குத்தான் வெட்கம். நீங்கள் ஒருத்தியாகக் கேட்கத் தயங்கினால் செட்டில் உள்ள பெண்கள் எல்லோருமாகக் கேளுங்கள். இது மருத்துவ ஆலோசனையா என்று யாராவது கேட்டால், ஆமாம், டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஈரத்தை நேராகக் குரல்நாணுக்கே கொண்டுபோகிற ஒரே வழி மூச்சுதான். வெறும் வெந்நீர் ஆவி, தைலம் எதுவும் போடாமல், சாயங்காலம் ஐந்து நிமிஷம் பிடியுங்கள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடற்காற்றின் ஈரப்பதம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற வரம், ஏசி வேனில் வாயைத் திறந்து தூங்கி அதைத் தொலைக்காமல் இருந்தால் சரி.

பிராந்திக்கு வருவோம். மூத்தவர் பொய் சொல்லவில்லை. குடித்ததும் தொண்டை சூடாகி, பயம் விலகி, குரல் திறந்த மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் திறப்பது கூச்சம். தன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்கிற காது மந்தமாகிவிடும், வலி தெரியாது, அளவு மீறிக் கத்துவோம். சுருக்குத் தசையும் தளரும், ஈரமும் குறையும். பெரியவர் பேச்சை மறுக்கச் சங்கடமாக இருந்தால் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சேராது என்று சொல்லிவிடுங்கள். வெற்றிலை போடுகிற பழக்கம் செட்டில் இருக்கும், நீங்கள் எழுதவில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வெறும் வெற்றிலையை மென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பனங்கற்கண்டு பையிலேயே இருக்கட்டும். சாயல்குடிப் பக்கத்துச் சரக்காக இருந்தால் எனக்கும் ஒரு துண்டு பிடிக்கும். அது குரல்நாணைத் தொடாது, ஆனால் எச்சிலைச் சுரக்க வைக்கும். எச்சிலை விழுங்கும்போது ஏறி வந்த அமிலம் கழுவிக்கொண்டு கீழே போகும், கனைக்கிற ஆசையும் அடங்கும். கனைப்பு என்றதும் நினைவு வருகிறது. உருண்டையைத் துப்ப நீங்கள் நாள் முழுக்க "க்ஹ்ம் க்ஹ்ம்" என்று செய்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு கனைப்பும் இரண்டு நாண்களையும் அறைந்து தேய்ப்பது. கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு விழுங்குங்கள், இல்லையென்றால் கற்கண்டு. மிளகை மட்டும் வெறும் வயிற்றில் மென்று எரிச்சலைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். அதிமதுரம் எப்போதாவது ஒரு துண்டு சரி. தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மெந்தால் மிட்டாயும் மரத்துப்போகச் செய்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம், வலி என்பது உங்களை நிறுத்தச் சொல்கிற மணி. குரல் கம்மியிருக்கிற நாளில் தலைவலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டுக்கொண்டு உச்சத்தில் பாடினால் குரல்நாணுக்குள் ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் பரவாயில்லை. "குரல் திறக்கிற ஊசி" என்று மருந்துக் கடையில் யாராவது போட்டுவிட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆக நாடக நாள் இப்படி இருக்கட்டும். மத்தியானம் 1 மணிக்கு நல்ல சோறு, மீன் குழம்பு, கீரை, தயிர், வயிறு நிறைய. அன்றைக்கு அதுதான் பெரிய சாப்பாடு. சாயங்காலம் 6 மணிக்கு முட்டையோடு இட்லியோ இடியாப்பமோ வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். 9:30க்குக் கமிட்டி இலை போட்டால் மரியாதைக்கு உட்காருங்கள், ரசம் சோறு இரண்டு கவளம். கறியை வேண்டாம் என்று சொல்ல மனசு வராவிட்டால் பபூனுக்குத் தள்ளிவிடுங்கள், அவர் பாட்டைவிட ஆட்டம் அதிகம், செரித்துவிடும். ஒட்டியாணத்தை ஒரு கொக்கி தளர்த்துங்கள். நடுவில் பசித்தால் வாழைப்பழம். விடியற்காலை மேலே சொன்ன இட்லி.

இதை ஆறு வாரம் செய்யுங்கள். வீங்கின தோல் ஒரே வாரத்தில் வடியாது.

ஆனால் அதற்காக ஆறு வாரம் காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு வருஷமாகக் குரல் கம்முகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் தாண்டிய கம்மலை யாராக இருந்தாலும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். கடிதத்தை வைத்து எதுக்களிப்பு என்று நான் ஊகிக்கிறேன், அதோடு காய்ப்பும் இருக்கலாம். துடுப்புப் போடுகிற கையில் காய்ப்பு விழுகிற மாதிரி குரல்நாணிலும் விழும், அதற்குப் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியே போதும், கத்தி வேண்டியதில்லை. இன்னொன்று, உடம்பு இளைத்தது சாப்பாட்டை நிறுத்தியதாலா, தானாகவா என்று யோசித்துப் பாருங்கள். தானாக இளைத்தாலும், விழுங்க வலித்தாலும், எச்சிலில் ரத்தம் வந்தாலும், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலும் இந்த வாரமே கிளம்புங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது உங்களுக்குப் பழக்கமான காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். பென்சிலைவிட மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பார்கள். குழாய் உள்ளே இருக்கும்போதே பாடச் சொன்னால் கூச்சப்படாமல் அந்த மேல் பஞ்சமத்தைப் போட்டுக் காட்டுங்கள், பிசிறு அங்கேதானே இருக்கிறது. முடிந்தால் நாடகம் முடிந்த காலையிலேயே, குரல் கெட்டிருக்கும்போதே போங்கள். குமட்டாமல் இருக்க முந்தின இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிட வேண்டாம். முதல் நாள் மத்தியானம் தயிர்ச்சோறு சாப்பிடலாம்.